எண்ணெய்க் கிணறுகளின் ஆயுளும் மக்கள் சொத்தின் மதிப்பும்

(பொதுத்துறைப் பாதுகாப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மும்பை ஹை எண்ணெய் வயலுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்க, பிரிட்டனின் பன்னாட்டு நிறுவனமான பிபி-யை 2025 ஜனவரியில் ஓஎன்ஜிசி தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தக் காலம் பத்தாண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நிலையான கட்டணம். அதன்பின், கூடுதலாகக் கிடைக்கும் உற்பத்தியின் வருவாயில் பங்கு. பத்தாண்டுகளில் எண்ணெய் உற்பத்தியை 44 விழுக்காடும் எரிவாயு உற்பத்தியை 89 விழுக்காடும் உயர்த்த முடியும் என்று அந்நிறுவனம் கூறியுள்ளது. பழைய கிணறுகளின் வாழ்நாள் மதிப்பைக் கூட்டுவதே நோக்கம் என்கிறார்கள். யாருக்கான மதிப்பு, அதை உருவாக்குவது யார் என்பதே நம் கேள்வி.

கிணறு முதுமையடையும் விதம்

நிலத்தடியில் எண்ணெய் ஏரியைப் போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் உறைந்து கிடக்கிறது. தொடக்கத்தில் பாறையின் இயல்பான அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளுகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் குறைகிறது. அப்போது பக்கத்துக் கிணறுகள் வழியே நீரைச் செலுத்தி அழுத்தத்தைக் காக்க வேண்டும். எரிவாயுவைச் செலுத்தி எண்ணெயை உயர்த்த வேண்டும். பழுதான குழாய்களை மாற்ற வேண்டும். பழைய கிணற்றிலிருந்தே பக்கவாட்டில் புதிய துளை இட வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும், உலக அளவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெயே வெளியே வருகிறது.

இன்றைய அவசரத்துக்காக அளவுமீறி இறைத்தால் நீர் முந்திக்கொண்டு கிணற்றுக்குள் புகுந்துவிடும். பின்தங்கிய எண்ணெய் பாறையிலேயே சிறைப்படும். ஒரு நிதியாண்டின் கணக்கை அழகுபடுத்த, பல்லாண்டுச் செல்வத்தைப் புதைப்பதற்கு ஒப்பானது அது. ஆகவே கிணற்றின் வாழ்நாள் மதிப்பு என்பது நீண்டகாலத் திட்டமிடலையும் பொறுமையான பராமரிப்பையும் சார்ந்தது. உடனடி லாபத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட மூலதனத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மும்பை ஹை தரும் பாடம்

இந்தியாவில் எண்ணெய் வளம் பெரிதாக இல்லை என்று மேலைநாட்டு நிறுவனங்கள் கைவிரித்த காலத்தில், கே.டி.மாளவியாவின் முன்முயற்சியால் 1956இல் ஓஎன்ஜிசி உருவானது. சோவியத் நிபுணர்கள் துணை நின்றனர். 1960இல் அங்கலேஷ்வரில் எண்ணெய் கண்டறியப்பட்டது. சோவியத் ஆய்வுக் கப்பல் அடையாளம் காட்டிய கடற்பரப்பில், 1974இல் ‘சாகர் சாம்ராட்’ துளையிட்டு மும்பை ஹை வயலைக் கண்டறிந்தது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை நாம் வெறுப்பவர்கள் அல்லர். நம் பொறியாளர்களுக்குப் பயிற்சி தந்து, அறிவை நம்மிடமே விட்டுச் சென்ற உதவி ஒருவகை. கூடுதல் உற்பத்தியில் பங்கு கேட்கும் ஒப்பந்தம் வேறுவகை.

1980களில் நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய்க்கும் மேல் தந்த வயல், இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தருகிறது. முதுமை இதற்கு ஒரு காரணம். முதலீட்டுப் புறக்கணிப்பு மற்றொரு காரணம். நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12இல் ஏறத்தாழ 38 மில்லியன் டன். 2023-24இல் ஏறத்தாழ 29 மில்லியன் டன். தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி.

திறமை இல்லாமல் இந்த நிலை வரவில்லை. குஜராத்தின் மெஹ்சானா பகுதியில் பாலோல், சாந்தல் வயல்களின் எண்ணெய் எளிதில் ஓடாத கெட்டி எண்ணெய். காற்றைச் செலுத்தி, நிலத்தடியிலேயே அதன் ஒரு பகுதியை எரித்து, அந்த வெப்பத்தால் மீதியை இளக்கி எடுக்கும் கடினமான முறையை 1990களிலேயே வணிக அளவில் நடத்திக் காட்டியவர்கள் ஓஎன்ஜிசி பொறியாளர்களும் தொழிலாளர்களுமே.

பணம் எங்கே போனது? 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 விழுக்காட்டுப் பங்குகளை 36,915 கோடி ரூபாய்க்கு ஓஎன்ஜிசி வாங்க வைக்கப்பட்டது. பெரும்பகுதி கடன் வாங்கிச் செலுத்தப்பட்டது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தை மற்றொன்றின் தலையில் கட்டி, அரசின் நிதிப் பற்றாக்குறையை மறைத்தார்கள். கிணறுகளுக்குச் செல்ல வேண்டிய மூலதனம் அரசு கஜானாவுக்குச் சென்றது. இப்போது, “உற்பத்தி குறைகிறது, அந்நியரை அழைப்போம்” என்கிறார்கள். உரிமையும் இயக்கக் கட்டுப்பாடும் நம்மிடமே இருக்கும் என்று அரசு சமாதானம் சொல்கிறது. கூடுதல் உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை அளவு எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

உழைப்பவரின் உயிர்

கிணற்றின் ஆயுளை நீட்டும் வேலை ஆபத்தானது. அசாமின் பாக்ஜானில், ஆயில் இந்தியாவின் கிணற்றில் ஒப்பந்த நிறுவனத்தின் ரிக் பராமரிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 2020 மே 27 அன்று எரிவாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். மாகுரி-மோட்டாபுங் ஈரநிலம் நாசமானது. நவம்பரில்தான் தீ அடங்கியது. மறு ஆண்டு மே மாதம் ‘டவ்தே’ புயலில், மும்பை ஹை அருகே பி-305 மிதவைக் கலம் மூழ்கி 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒப்பந்தப் பணிக்காகக் கடலுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி-யின் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்ததையும் மறக்க இயலாது. நிரந்தரத் தொழிலாளியின் அனுபவ அறிவைச் செலவுக் கணக்கில் எழுதுபவர்கள், அந்த அறிவு இல்லாமல் போவதன் விலையை எங்கே எழுதுகிறார்கள்?

காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்க்கும் நாம், கிணறுகளுக்காக ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே நிலைப்பாடுதான். தோண்டிய கிணற்றை முறையாகப் பேணினால், விளைநிலத்தில் புதிதாகத் துளையிடும் அழுத்தம் குறையும். டெல்டாவில் புதிய கிணறுகளைத் தடுக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடவில்லை. அவற்றைப் பாதுகாப்பாக இயக்குவதும், ஆயுள் முடிந்தபின் சிமென்ட் இட்டு முறையாக மூடி நிலத்தை உழவரிடம் ஒப்படைப்பதும் வாழ்நாள் கணக்கின் பகுதியே.

நமது கோரிக்கைகள்

1. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் உபரி, கிணறுகளின் பராமரிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் முதலில் செலவிடப்பட வேண்டும்.

2. பிபி ஒப்பந்தத்தின் முழு விவரங்களும் வெளியிடப்பட வேண்டும்; தொழில்நுட்பம் ஓஎன்ஜிசி பொறியாளர்களுக்குக் கைமாறுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

3. கிணற்றுப் பராமரிப்பு நிரந்தரப் பணியாக அறிவிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியமும் பணி நிரந்தரமும் வேண்டும்.

4. கைவிடப்பட்ட கிணறுகளைப் பாதுகாப்பாக மூடி நிலத்தைச் சீரமைக்கும் நிதி, மக்கள் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

நிலத்தடி வளம் ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. அதன் மதிப்பை நாட்டின் தேவையும், உழைப்பவர் உயிரும், உழவர் நிலமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். எண்ணெய்த் துறைத் தொழிலாளர்களின் போராட்டத்தை இந்தக் கோரிக்கைகளோடு மக்களிடம் கொண்டுசெல்வது நம் ஒவ்வொரு கிளையின் கடமை.