ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது உராய்வை நினைவில் வையுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அஸ்தம்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு ஏற்காடு பக்கத்து வீடு மாதிரி. கோரிமேடு தாண்டினால் அடிவாரம். விருந்தாளி வந்தால் உடனே காரை எடுத்துவிடுகிறோம். அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின் பாடுபடுகிறது. இறங்கும்போது நம்மைக் காப்பது உராய்வுதான். நான் படித்தது பி.காம்.; ஆகவே வரவு செலவு பாஷையிலேயே சொல்கிறேன்.

இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும்போது, அந்த நகர்வைத் தடுக்கும் விசையே உராய்வு. வண்டியின் வேகத்தைக் குறைக்கும், பாகங்களைத் தேய்க்கும், சூடு உண்டாக்கும். பார்த்தால் வெறும் செலவு போலத் தோன்றும். ஆனால் உராய்வு இல்லையென்றால் வண்டி கிளம்பவே முடியாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எண்ணெய் சிந்திய சமையலறைத் தரையில் கால் வைத்தவர்களுக்கு இது புரியும்.

டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்ட இருப்பு. பிரேக் போடுவதும், வளைவில் திரும்புவதும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் பணம் எடுக்கின்றன. வளைவுக்குள் போய் அழுத்திப் பிரேக் போட்டால் இருப்பு போதாது, வண்டி வழுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில் 40 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பிறகு நிற்கச் சுமார் 9 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. என்றால் சுமார் 20 மீட்டர். ஈரச் சாலையில் இது 35 மீட்டர் வரை போகலாம். இறக்கத்தில் இன்னும் கூடும். கண் பார்த்து கால் அழுத்துவதற்குள் ஒரு விநாடி ஆனால், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே கூடுதலாக 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எச்சரிக்கை அதிகம் தேவை. சாலையில் படிந்த தூசியும் எண்ணெயும் நீரோடு சேர்ந்து வழுக்கும்.

அடுத்தது சூடு. மலையிலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் பிரேக்குக்கே போனால், 30 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! பிரேக் பட்டை அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும். பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் அமுங்கும், வண்டி நிற்காது.

இந்தச் சுமையில் இன்ஜினுக்கும் பங்கு கொடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக்குக்குக் கிடைக்கும் இன்ஜின் உதவியும் போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் தடுப்பு குறைவு; பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வராமல், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

புறப்படும் முன் டயரைப் பாருங்கள். காருக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் உள்ள சிறு மேடு டயரின் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

நம் அடித்தளப் பார்க்கிங் சரிவுக்கும் இதே விதிதான். கழுவிய ஈரத்தில் மெதுவாக இறங்குங்கள். அங்கே குழந்தைகள் ஓடியாடுகிறார்கள்.