அறுபதில் சரளி வரிசை

தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் வெளியிடும் சேர்க்கை அறிவிப்பைப் பலரும் பார்த்திருப்பார்கள். குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என்று பாடங்கள் வரிசையாக இருக்கும். மூன்றாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், வயது 12 முதல் 25 வரை. இளைஞர்களைக் கலைஞர்களாக்குவதற்கென்று ஏற்பட்ட பள்ளிகள் அவை. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுபது வயதில் பணி ஓய்வு பெற்று, “சின்ன வயசுலேயே வீணை கத்துக்கணும்னு ஆசை, அப்ப வீட்ல வசதியில்ல” என்று சொல்லும் ஒருவர் அந்த அறிவிப்பைப் படித்தால், தாம் முப்பத்தைந்து ஆண்டு தாமதமாக வந்திருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார்.

இந்தச் சொற்பொழிவு அவரைப் பற்றியது. எழுபதிலும் எண்பதிலும் கச்சேரி செய்த வித்வான்களைப் பற்றிப் பேச நிறையவே உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974-இல் தம் கடைசி நாளிலும் பாடினார். செம்மங்குடி சீனிவாசய்யர் தொண்ணூறை ஒட்டியும் மேடையில் இருந்தார். ஆனால் அவர்கள் சிறுவயதிலேயே இசைக்குள் வந்தவர்கள். முதுமையில் முதன்முறையாக வாய் திறந்து ‘ஸ’ பிடிப்பவரின் கதை வேறு.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று நம் வீடுகளில் கேட்பவர்கள் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் சில இடங்களில் இதற்கு உண்மையாகவே பதில் தேடியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த ராய் எர்ன்ஸ்ட், 1991-இல் வயதில் மூத்தவர்களுக்காக ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்ற பேண்டு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். கிளாரினெட்டையோ டிரம்பெட்டையோ வாழ்நாளில் தொட்டிராதவர்களும் அதில் சேரலாம். உங்களால் முடிந்த அளவு வாசித்தால் அதுவே போதும் என்பதுதான் அவர் வைத்த ஒரே விதி. தனித்தனியே வருடக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டுப் பிறகு கூட்டத்தில் சேருங்கள் என்று அவர் சொல்லவில்லை; சேர்ந்து வாசித்தபடியே கற்றுக்கொள்ள வைத்தார். அந்த ஒரு குழுவைப் பார்த்து அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும் கனடாவிலும் இன்னும் சில நாடுகளிலும் குழுக்கள் கிளம்பின. கிழவர்கள் பொழுதுபோக்கட்டும் என்ற இரக்கத்தில் தொடங்கிய வேலையாக இருந்திருந்தால் அது இத்தனை தூரம் ஓடியிருக்காது.

எர்ன்ஸ்ட் அனுபவத்தில் கண்டதைப் பின்னர் ஸ்விட்சர்லாந்தின் ஜெனிவாவிலும் ஜெர்மனியின் ஹனோவரிலும் அறிவியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். அதற்கு முன் இசை பயின்றே இராத, 62 முதல் 78 வயதுக்குட்பட்ட பணி ஓய்வு பெற்றவர்களை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பியானோ வகுப்பு. இன்னொரு பிரிவுக்கு இசையைக் கூர்ந்து கேட்கும் வகுப்பு. எந்த வாத்தியம் ஒலிக்கிறது, எந்தப் பாணி என்று இனங்காணும் பயிற்சி. இரு பிரிவினருக்கும் வாரம் ஒரு மணி நேரப் பாடம், நாள்தோறும் அரைமணி வீட்டுப்பாடம். ஆறு மாதம் கழித்து 132 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. இரு பிரிவினரிடமும் சிறுமூளை உள்ளிட்ட சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. ஒரு செய்தியை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் நினைவாற்றலும் 6 சதவீதம் உயர்ந்திருந்தது.

ஒரு வேறுபாடும் தெரிந்தது. ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் வலப்பக்கச் செவிப் புறணி பியானோ வாசித்தவர்களிடம் அப்படியே நின்றது. கேட்க மட்டும் பயின்றவர்களிடம் சுருங்கியது. இரு பிரிவினரிடமும் முதுமையின் பொதுவான தேய்மானம் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. மூளை இளமையாகிவிடவில்லை, சில இடங்களில் தாக்குப்பிடித்தது. கேட்கும் வகுப்பும் வீண் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதுவும் படிப்புதான். காலை நேரத்தில் வானொலியில் பக்திப்பாடலை ஓடவிட்டுக் காய் நறுக்குவதை அதோடு சேர்க்க முடியாது.

வாசிப்பதிலும் பாடுவதிலும் அப்படி என்ன இருக்கிறது? நம் ஊர்ப் பாட்டு வகுப்பின் முதல் மாதத்தைப் பார்த்தாலே விளங்கும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. வாய் ஸ்வரத்தைச் சொல்ல வேண்டும். காது சுருதிப்பெட்டியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். வலக்கை தொடையில் ஆதி தாளம் போட வேண்டும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. முதல் காலத்தில் எல்லாம் சுமுகமாகப் போகும். இரண்டாம் காலத்தில் ஒரு தட்டுக்குள் இரண்டு ஸ்வரம் இருமடங்கு வேகத்தில் வரவேண்டும். கையோ தானும் வாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அதை இழுத்துப் பிடித்துப் பழைய நடையிலேயே நிறுத்தினால் வாய் தடுமாறும். மூன்றாம் காலத்தில் அடுத்த வரி என்ன என்பதை இந்த வரி முடியும் முன்பே மனம் எடுத்து வைத்திருக்க வேண்டும். இடையில் எங்கே மூச்சு வாங்குவது என்பது தனிக் கணக்கு. காது, தொண்டை, கை, நினைவு, மூச்சு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வைக்கிற வேலைகள் அதிகம் கிடையாது. குறுக்கெழுத்துப் புதிர் நல்லதுதான். ஆனால் அது மூச்சைக் கேட்பதில்லை, தவறினால் அடுத்த நொடியே காதில் வந்து இடிப்பதுமில்லை.

மறதி நோய் பற்றிய பேச்சில்தான் நிதானம் வேண்டியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டு இரட்டையரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2014-இல் வெளியானது. இரட்டையரில் ஒருவருக்கு மறதி நோயோ அறிவாற்றல் குறைவோ வந்து, மற்றவருக்கு வராத 157 இணைகளை எடுத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் வாத்தியம் வாசித்தவருக்கு நோய்க்கான வாய்ப்பு 64 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்குத் தனி வலு உண்டு. ஆனால் நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது. வாசிப்பதை விட்டதால் நோய் வந்ததா, நோய் தொடங்கியதால் வாசிப்பு நின்றதா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது. ‘வீணை வாசித்தால் மறதி வராது’ என்று பத்திரிகைத் தலைப்பாகப் போடுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதற்குப் புள்ளிவிவரத்தைவிட ஒரு காட்சி அதிகம் சொல்லும். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1876-இல் பிறந்தவர். அவருடைய 90-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் போர்ட்டோ ரிக்கோவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் கசால்ஸ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகு கூனி, கால்களைத் தரையில் தேய்த்து நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. கைகள் வீங்கி, விரல்கள் மடங்கிக் கிடந்தன. சாப்பாட்டு மேசைக்குப் போகும் முன் நேரே பியானோவிடம் போய் உட்கார்ந்தார். பாஹ் எழுதியதை வாசிக்கத் தொடங்கியதும் விரல்கள் மெல்லப் பிரிந்தன, முதுகு நிமிர்ந்தது, மூச்சு சீரானது. பிறகு பிராம்ஸ். வாசித்து முடித்து எழுந்தவர் வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்து காலையுணவுக்குப் போனார் என்று கசின்ஸ் எழுதியிருக்கிறார். இது ஒரே ஒருவரின் சாட்சியம். மூட்டு வீக்கத்துக்கு மருந்துச் சீட்டு அல்ல. ஆனாலும் 1971-இல், 94 வயதில், அதே கைகள் ஐக்கிய நாடுகள் அவையில் செல்லோ வாசித்தன.

தனியாக வாசிப்பதைவிடச் சேர்ந்து பாடுவதில் கிடைக்கும் பலன்தான் முதியவர்களுக்கு முதலாவது என்று தோன்றுகிறது. மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001-இல் வாஷிங்டனில், சராசரியாக எண்பது வயதை ஒட்டியவர்களைச் சேர்ந்திசைக் குழுவாக்கி வாரந்தோறும் பாட வைத்து, மேடையும் ஏற்றினார். ஓராண்டில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது, உட்கொண்ட மாத்திரைகள் குறைந்தன, தடுக்கி விழுந்ததும் குறைந்தது. பாடாத ஒப்பீட்டுப் பிரிவினரைவிட உற்சாகமாகவும் இருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல என்பது அதன் குறை. அந்தக் குறை இல்லாமல் சான் பிரான்சிஸ்கோவில் ஜூலீன் ஜான்சன் தலைமையில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்து ஆறு மாதம் பார்த்தார்கள். தனிமை உணர்வு குறைந்தது, வாழ்வில் நாட்டம் கூடியது. நினைவாற்றலிலோ உடல் வலிமையிலோ சொல்லும்படியான மாற்றமில்லை.

இந்த முடிவைத் தோல்வி என்று சொல்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நாள் முழுதும் பேச ஆளில்லாமல் தொலைக்காட்சி எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை அறியாதவர். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், அதன் பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வயதானவர்கள் பாடுவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? மார்கழி விடியலில் ஜால்ராவும் ஹார்மோனியமுமாகத் தெருவைச் சுற்றும் பஜனை கோஷ்டியில் முன்னால் போவது பெரும்பாலும் நரைத்த தலைகள்தான். கும்மியை எடுத்துக் கொடுப்பதும் ஒப்பாரியை நடத்துவதும் ஊரின் மூத்த பெண்கள். அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பாடகி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றபோது அறுபதை எட்டியிருந்தார். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா விருது என்று கேரளத்தில் ஒரு குரல் எழுந்ததும், இசைக்கலைஞர்களே பலர் அதற்குப் பதிலடி கொடுத்ததும் 2022-இல் நடந்தவை. அந்தக் கேள்விதான் நகரத்து வீடுகளில் வேறு உருவில் வருகிறது: “இந்த வயசுல பாட்டு கிளாஸா? அரங்கேற்றம் எப்போ?” பேரப்பிள்ளையைப் பாட்டு வகுப்பில் கொண்டுவிட்டு, வாசல் திண்ணையில் காத்திருந்தே முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்துவிட்ட பாட்டிகளுக்கு, உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்ல ஆளில்லை.

சொல்ல முன்வரும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பெண்களின் குரல் வயதாக ஆக இறங்கும். ஐந்தரைக் கட்டையில் இழுத்துப் பிடிக்காமல் நான்குக்கோ அதற்கும் கீழோ இறக்கிவிட்டால் முதல் நாளே நம்பிக்கை வரும். முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி போடுவதால் சம்பிரதாயம் கெட்டுவிடாது. ஸ்வரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். வீணைத் தந்தியை அழுத்தி இழுப்பது மூட்டு வலி உள்ள விரலுக்குக் கடினம். ஹார்மோனியத்திலும் கீபோர்டிலும் ஸ்வரம் தயாராக இருக்கிறது. புல்லாங்குழலுக்கு முன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் காலம் வரவில்லை என்றால் இரண்டாம் காலத்திலேயே கீதத்துக்குப் போய்விடலாம். பரீட்சை எழுதப்போவதில்லையே.

இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி அரை நூற்றாண்டாகிவிட்டது. பல குரல்களைச் சேர்த்துப் பாட வைக்கும் வித்தை தமிழ்நாட்டுக்குத் தெரியும். அதை மூத்தவர்களுக்கும் கொண்டுபோக வேண்டும். அரசு இசைப்பள்ளிகள் 12–25 என்ற வரம்பைத் தம் மூன்றாண்டுப் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். அதே கட்டடத்தில் வாரம் இரண்டு மாலை, மேல்வயது வரம்பும் தேர்வும் சான்றிதழும் இல்லாத ஒரு வகுப்பைத் திறக்கலாம். புதிய கட்டடம் வேண்டாம், ஒரு ஆணை போதும். டிசம்பர் சீசனுக்கு விழா எடுக்கும் சபாக்கள், ஒரு பிற்பகலையாவது அறுபதுக்கு மேல் கற்கத் தொடங்கியவர்களுக்கு ஒதுக்கட்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை போன்றவை ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நிறுத்திக்கொள்ளாமல் அத்தகைய வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியர் ஊதியத்தை ஏற்கலாம். அதுவரை, ஆசையுள்ளவர்கள் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்துத் தெருப் பாட்டு டீச்சரிடம் போய்க் கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து போனால் அவர் மறுப்பது கடினம்.