பாடத்திற்கேற்ற போதனாமுறை



பயிருக்குப் பயிர் பக்குவம் வேறு என்பது குடியானவர் அறிந்ததே. நெல்லுக்குத் தேங்கிய நீர் வேண்டும். நிலக்கடலைக்கு அந்நீரே கேடு. பள்ளிப் பாடங்களும் அத்தன்மையனவே. ஒவ்வொன்றின் இயல்பும் வேறாகையால், போதிக்கும் முறையும் வேறாதல் அவசியம்.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தைக் கற்றனர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-ம் வருஷத்தில் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், மணலில் எழுதும் வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியிலும் கைக்கொண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குப் போதிக்கவும் செய்தார். 1797-ல் அவர் அதனை நூலாக வெளியிட்டபின், சென்னை முறை என்ற பெயரால் அது இங்கிலாந்திலும் பரவிற்று. எழுத்தும் வாய்பாடும் பழக்கத்தால் படிவன. ஆதலால் அவற்றிற்கு அம்முறை நன்கு பொருந்திற்று.

ஆனால் கணக்கு வாய்பாட்டோடு முடிவதில்லை. 50 ரூபாய்க் கடனுக்கு, நூற்றுக்கு வருஷம் 6 ரூபாய் வீதம், 8 மாத வட்டி 2 ரூபாய் என்று சூத்திரத்தை நெட்டுருச் செய்த சிறுவன் விடை கூறுவான். நான்கு மாதம் சென்றதும் அசலில் 25 ரூபாய் செலுத்தப்பட்டால் மொத்த வட்டி யாது என்றால் திகைப்பான். எஞ்சிய அசலுக்கே பின்னர் வட்டி ஏறும் என்ற காரணம் விளங்கியவனே 1½ ரூபாய் என்பான். காரணத்தை மனனத்தால் ஊட்ட இயலாது. கணக்கைப் பலவாறு மாற்றிக் கேட்டே விளக்க வேண்டும்.

பூகோளம் ஊரின் ஏரியிலும் வாய்க்காலிலும் தொடங்கிப் படத்திற்குச் செல்லுதல் நன்று. இயற்கைப் பாடத்திற்கு அவரை விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்து நாள்தோறும் நோக்குதல் வேண்டும். சரித்திரத்திற்குக் கதையும் காலவரிசையும் வேண்டும். செய்யுளை மனனம் செய்வது தகும். கட்டுரையை மனனம் செய்வது வீண்.

1937-ல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை வற்புறுத்தினார். அதனை ஆராய்ந்த ஜாகிர் ஹுசேன் கமிட்டியோ, கைத்தொழிலோடு இயற்கைச் சூழலையும் சமூகச் சூழலையும் போதனைக்கு ஆதாரங்களாகக் கொண்டது. எல்லாப் பாடமும் இராட்டையில் அடங்கா என்பது இதனால் விளங்கும்.

ஆகையால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் தம் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டு மட்டும் திருப்தியடையலாகாது. சங்கத்துப் பாஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்து, நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வாறு வந்தது என்று கேட்பாராக. அதற்கு விடை கூறவல்ல பிள்ளையே நாளை சங்கத்தின் கணக்கைக் காக்கவல்லவன்.