தராசையும் நிறுத்துப் பார்ப்போம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

விளையாட்டில் நடுநிலை என்னும் பொருள் பற்றிச் சில சொல்ல முன்வந்துள்ளோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆராய்ச்சி அறிஞர்க்குரியது, அதன் பயனும் பழுதும் குடிமக்கள் அனைவர்க்கும் உரியன. ஆதலின் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

ஆடவரும் மகளிரும் ஒரே பந்தயத்தில் ஓடினால் மகளிர்க்கு வெற்றி அரிது. உயர்நிலை ஓட்டங்களில் இருவர்க்குமிடையே ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் வேறுபாடு உண்டு. அதனாலேயே மகளிர்க்கெனத் தனிப் பந்தயம் அமைந்தது, அது முறையே. ஆயினும் இயற்கை எல்லா உடல்களையும் இரண்டே அச்சில் வார்ப்பதில்லை. பெண்ணாகவே வளர்ந்த சிலரது உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு இயல்பாகவே மிகுந்திருக்கும்; சிலரது குரோமோசோம் அமைப்பு வேறாயிருக்கும். இவர்கள் ஊக்க மருந்து உண்டவரல்லர். குற்றம் யாதும் செய்தவருமல்லர். எனினும் உடன் ஓடும் மற்றைப் பெண்களுக்கும் நியாயம் வேண்டுமன்றோ? சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது.

2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில், புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளான சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று அப்பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையே நிற்க வேண்டிய செய்தி நாடெங்கும் பரவியது. நடுவர் மன்றம் ஏறி வழக்குரைக்க அவருக்கு வழி வாய்க்கவில்லை.

எட்டாண்டுகள் சென்றன. நாம் பிழைக்க வந்த இவ்வொடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் மகள் டூட்டி சந்துக்கும் அதே இடர் வந்தது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுக்குச் செல்லாதவாறு அவர் தடுக்கப்பட்டார். சுரப்பை வரம்புக்குள் குறைத்தாலன்றி ஓடலாகாது என்பது அன்றைய விதி. நோயில்லாத உடலுக்கு மருந்து எதற்கு என்று அவர் மறுத்தார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டார். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அச்சுரப்பால் விளையும் ஆதாயம் எவ்வளவு என்பதற்குப் போதிய சான்றில்லை என்று கூறி மன்றம் விதியை நிறுத்திவைத்தது. சான்று கொணர உலகத் தடகளச் சம்மேளனத்துக்கு இரண்டாண்டு தவணையும் தந்தது.

சான்று எவ்வாறு வந்தது? 2017இல் அச்சம்மேளனத்தோடு தொடர்புடைய இரு மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 2011, 2013 உலகப் போட்டிகளின் பதிவுகளை ஆய்ந்ததில், மகளிர் போட்டிகள் 21இல் 5இல் மட்டும் சுரப்பு மிகுந்தோர் 1.78 முதல் 4.53 சதவீதம் வரை மேம்பட்டிருந்தனர் என்றனர். அடுத்த ஆண்டே, 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையுள்ள ஓட்டங்களுக்குப் புது விதி வகுக்கப்பட்டது. வியப்பைக் கேளுங்கள்: அவ்வைந்தில் அடங்கிய சம்மட்டி எறிதலும் கோலூன்றித் தாண்டலும் விதிக்குள் வரவில்லை, அவ்வைந்தில் அடங்காத 1500 மீட்டர் ஓட்டம் வந்தது!

வெளியார் மூவர் பதிவுகளில் ஒரு பகுதியைப் பெற்றுச் சரிபார்த்தனர். ஒரே நேரம் இருமுறை எழுதப்பட்டிருந்ததும், எவரும் ஓடாத நேரங்கள் புகுந்திருந்ததும் வெளிப்பட்டன. 2021இல் அவ்விதழிலேயே திருத்தம் வந்தது. அவ்வாய்வு காரண காரியத் தொடர்பை நிறுவுவதன்று என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. இதற்கிடையில், தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் முறையீட்டை 2019இல் நடுவர் மன்றம் தள்ளிவிட்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைப் போதிய கண்டிப்புடன் ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டி முதல், மகளிர் அனைவர்க்கும் மரபணுச் சோதனை விதியாயிற்று.

நிற்க. பார்சல் அலுவலகத் தராசை நம்மில் பலர் அறிவோம். அரசு முத்திரை பெறாத தராசில் போட்ட எடையை வைத்து எவரிடமும் கட்டணம் கேட்க இயலாது. ஒரு மூட்டைக்கே இந்த நீதி என்றால், ஒரு பெண்ணின் பெயரும் பிழைப்பும் ஏறும் தராசுக்கு எத்துணைக் கண்டிப்பு வேண்டும்! எல்லை வகுக்கக் கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. எல்லை வகுப்பவர் மூன்று கடன்களை மறவாதிருத்தல் வேண்டும். ஆய்வின் பதிவுகளைப் பிறர் சரிபார்க்கத் திறந்து வைத்தல் ஒன்று. உடல் பற்றிய செய்தியைச் சந்தைக்குக் கொண்டுவராது காத்தல் இரண்டு. தண்டிக்கும் முன் அவர்தம் சொல்லைக் கேட்டல் மூன்று.

இவை ஓட்டக்களத்துக்கு மட்டும் உரியனவல்ல. பள்ளியிலும் பணிமனையிலும் மருத்துவச் சான்று கேட்கும் அலுவலகங்களிலும் நாடோறும் வேண்டப்படுவன. புதுக்கோட்டை மகளுக்குக் கிட்டாத செவி ஜாஜ்பூர் மகளுக்குக் கிட்டியது. இனி ஓட வரும் எந்த ஊர் மகளுக்கும் அது கிட்டுமாறு குரல் கொடுத்தல், இரு மண்ணுக்கும் உரிய நம்மனோர் கடமையாகும்.