கிந்தனார் ஏறிய வண்டி

(கல்லாற்றில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

திரைப்படத்தில் வந்த கதைப்பாடல் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்துள்ளனர். குறளும் சிலம்பும் முழங்கும் மேடையில் திரைப்பாட்டுக்கு இடம் உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். உண்டு என்பதே நம் துணிபு. நாம் எடுத்துக்கொண்ட பாட்டு, 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நல்லதம்பி' என்னும் படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம். பேரறிஞர் அண்ணா கதை வசனம் எழுதி வெளிவந்த முதற்படம் அது. இயக்கியவர்கள் கிருஷ்ணன், பஞ்சு இருவர். கிந்தனார் பாட்டை யாத்தவர் உடுமலை நாராயண கவி.

கதாகாலட்சேபம் என்பதை இளையோர் அறிந்திருக்க மாட்டார்கள். பாகவதர் ஒருவர் கையில் சப்ளாக்கட்டையுடன் நின்று, பக்கவாத்தியம் முழங்க, பாட்டும் பேச்சும் விரவி அடியார் ஒருவரின் வரலாற்றைச் சொல்லுவார். அவ்வாறு சொல்லப்பெற்றவற்றுள் தமிழ்நாட்டை உருக்கியது, 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம். நந்தன் பண்ணையாள், தில்லைக்குப் போக ஆண்டையிடம் விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. இறையருளால் அவ்வேலை ஓர் இரவில் முடிகிறது. தில்லைக்குச் சென்ற நந்தன் தீயிற் புகுந்த பின்னரே கோயிலுக்குள் ஏற்கப்படுகிறான். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். கேட்டவர் கண்கள் கலங்கின.

அதே காலட்சேப வடிவத்தைக் கலைவாணர் எடுத்துக்கொண்டார். நந்தன் கிந்தன் ஆனான். தில்லை இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. ஏழைக் குடியிற் பிறந்த சிறுவன் கிந்தன் படிக்க ஆசைப்படுகிறான். பிறப்பைக் காட்டி அவனுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது. அவன் ஊரை விட்டுப் புறப்பட்டு, இரயிலேறிப் பட்டணம் சென்று படிக்கிறான். முடிவில் கல்வி அதிகாரியாகித் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பி வருகிறான். அன்று அவனை ஒதுக்கிய ஆசிரியர் இன்று அவன் எதிரே நின்று பேச வேண்டியவர் ஆகிறார். கதை இவ்வளவே. அவையோர் விழுந்து விழுந்து சிரித்தனர். அறிவுரையாகக் கூறின் முகம் சுளித்திருப்போரும், நகைச்சுவையாகக் கூறியமையால் இருந்து கேட்டனர்.

அன்பர்களே! இப்பாட்டில் இரயில் வரும் பகுதியே பலருக்கு நினைவில் நிற்பது. சக்கரத்தின் ஓசையைச் சொல்லோசையில் வைத்து, உயர்ந்தோர் எனப்பட்டோரையும் தாழ்ந்தோர் எனப்பட்டோரையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் பெருமையை அது புகழ்கிறது. சீட்டு வாங்கியவனிடம் இரயில் குலம் கேட்பதில்லை அன்றோ? இங்கு ஒரு செய்தி வியப்பைத் தருவது. இரயிலை இவ்வாறு பாடிய கலைவாணர் பிறந்த ஊராகிய நாகர்கோவிலுக்கு அந்நாளில் இரயில் கிடையாது. அவர் 1957-இல் மறைந்தார். அவ்வூருக்கு இரயில் வந்தது 1979-இல். வறுமையினால் தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டவரும் அவரே. தமக்கு வாய்க்காத பள்ளியையும் தம் ஊருக்கு வாராத வண்டியையும் அவர் பாடினார். அப்பாட்டின் சிரிப்புக்கு அடியில் ஓர் ஏக்கம் கிடப்பதாக நமக்குத் தோன்றுவது இதனாலேயே.

நிற்க. கிந்தன் கதை வெறுங் கற்பனையோ? கலைவாணர் 1908-இல் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. நம் கல்லாறும் அவ்வரசைச் சேர்ந்ததே. அவ்வரசில், வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் மகாத்மா அய்யன்காளி. புலையர் குலத்தார் பொதுவழியில் நடக்கலாகாது என்றிருந்த காலத்தில், 1893-ஆம் ஆண்டு அவர் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை அணிந்து, அவ்வழியிலேயே ஓட்டிச் சென்றார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். நாம் பட்டணத்துக்குப் போகும் வழியில் உள்ள நெடுமங்காட்டுச் சந்தையிலும், தம் மக்கள் புகுந்து வாங்கவும் விற்கவும் உரிமை வேண்டி நின்றார்.

அவர் எல்லாவற்றினும் மேலாகக் கேட்டது பள்ளிக்கூடம். பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சேர்க்கலாம் என்று அரசாணை இருந்தும் எதிர்ப்பு மூண்டது, அப்பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிடில் உங்கள் வயல்களில் களை முளைக்கட்டும் என்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் மக்களுள் பத்துப் பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அய்யன்காளியின் விருப்பமாயிருந்தது. அவர் 1941-இல் மறைந்தார். அன்று எரிந்த பள்ளி இன்று அவர் பெயரையும் பஞ்சமியின் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஆகவே, திரையில் மக்கள் சிரித்துக்கொண்டே கேட்ட கதை, இம்மாவட்டத்தில் கண்ணீரோடும் நெருப்போடும் நடந்த கதையாகும்.

பெரியோர்களே! நந்தனுக்கும் கிந்தனுக்கும் உள்ள வேறுபாடு யாது? நந்தன் விடை கேட்டான், கிந்தன் கேட்கவில்லை. நந்தன் சோதியிற் கலந்தான். அவனுடைய சேரி அன்று இருந்தபடியே இருந்தது. கிந்தனோ திரும்பி வந்தான். இப்பாட்டின் உயிர்நிலை அத்திரும்புதலில் உள்ளது என்று நாம் கருதுகிறோம். படித்துப் பட்டணத்திலேயே பெரிய உத்தியோகம் பார்த்தான் என்று கதையை முடித்திருக்கலாம். உடுமலையார் அவ்வாறு முடிக்கவில்லை. எந்த வாயிலில் அவன் மறுக்கப்பட்டானோ, அந்த வாயிலுக்கே பொறுப்பாளனாக அவனைக் கொண்டு வந்து நிறுத்தினார். இனி அவ்வாயிலில் மற்றொரு சிறுவன் விரட்டப்பட மாட்டான் அன்றோ?

இதனை நம் நிலையோடு பொருத்திப் பார்ப்போம். மலைக்கு அப்பாலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். இக்கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள. அவ்வழியே கூடை சுமந்து நடந்த தாய்மார்களின் உழைப்பால் நம் பிள்ளைகள் படித்தனர். இன்று எவரும் அவர்களைப் பள்ளி வாயிலில் நிறுத்துவதில்லை. ஆயினும், தோட்டத் தொழில் நலிந்து கூலி தட்டுப்பட்ட வீட்டில், பேருந்துக் கட்டணமே ஒரு பிள்ளையைப் பள்ளி வாயிலுக்கு முன்னரே நிறுத்திவிடுகிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் ஆகிய இரண்டுக்கும் நடுவே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் துணையின்றிப் பின்தங்கும் பிள்ளைகளும் உளர்.

நம்மிடையே படித்து முன்னேறியோர் பலர். ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் வெளியூர்களில் வாழ்கின்றனர். அவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பிழைப்பு எங்குளதோ அங்கு செல்லுதல் மாந்தர் இயல்பு. அவர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. ஊருக்கு வரும் நாட்களில் ஒரு மாலைப் பொழுதைத் தோட்டத்து லயங்களில் உள்ள பிள்ளைகளுக்குத் தாருங்கள். ஒரு பிள்ளையின் பேருந்துக் கட்டணத்தை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் நம் வீட்டுப் பிள்ளை எதுவும் நின்றுவிடலாகாது என்னும் உறுதியை இச்சங்கம் இவ்விழாவில் ஏற்குமாயின், அதுவே கலைவாணருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.

பிள்ளைச் செல்வங்களே! கிந்தனார் பாட்டைத் தேடிக் கேளுங்கள். நன்றாகச் சிரியுங்கள், உங்களைச் சிரிக்க வைக்கவே அது பாடப்பட்டது. சிரித்து ஓய்ந்தபின், அச்சிறுவன் ஏன் திரும்பி வந்தான் என்று உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். நமக்கு இங்கு இரயில் இல்லை; காலையில் மலையிறங்கும் பேருந்து உண்டு. அதில் ஏறிச் செல்லுங்கள்; எவ்வளவு தொலைவாயினும் செல்லுங்கள். திரும்பும் வழியை மட்டும் மறவாதீர்கள்.