ஒரே பொருள், இரண்டு விலை

சிலிபின் வட்டாரத்துக் கடையில் 100 வெள்ளிக்கு விற்கும் மிக்சி, கைத்தொலைபேசியில் பார்த்தால் 85 வெள்ளி என்கிறது. "கடைக்காரர் கொள்ளை இலாபம் வைக்கிறார்" என்று நம் தாய்மார்கள் சொல்வதுண்டு. அது சரியா? இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் முதல் விற்பனை வரி மீண்டும் நடப்புக்கு வந்தது. வரியுள்ள பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 அல்லது 10 விழுக்காடு. பொருளைச் செய்யும் தொழிற்சாலையோ, வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வணிகரோ அதைக் கட்டிவிடுகிறார். கடை ரசீதில் அது தனியே தெரிவதில்லை, விலைக்குள்ளேயே கலந்திருக்கிறது.

ஆனால் வெளிநாட்டு விற்பனையாளர் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளை விமானம் வழி நேரே நம் வீட்டுக்கு அனுப்பினால், அதற்கு இந்த வரி இல்லாதிருந்தது. சிறு பொட்டலங்களைப் பிரித்து வரி வாங்குவது வீண் செலவு என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். பொட்டலங்கள் பெருகியதும் அந்தச் சலுகையே உள்ளூர்க் கடைக்குப் பாரமாயிற்று.

பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவது போல ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பொருளின் இறக்குமதி விலை 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வரி 10 விழுக்காடு என்றால் 7 வெள்ளி. கடை வாடகை, மின்சாரம், ஆள் கூலி, இலாபம் எல்லாம் சேர்த்து 23 வெள்ளி. ஆக 100 வெள்ளி. வெளிநாட்டு இணையக் கடைக்காரர் அதே 70 வெள்ளிப் பொருளின் மேல் 15 வெள்ளி வைத்து 85க்கு விற்கிறார். வேறுபாடு 15 வெள்ளி. அதில் 7 வெள்ளி வரியால் வந்தது. மீதி 8 வெள்ளி வாடகையாலும் கூலியாலும் வந்தது.

இதைச் சரிசெய்யவே 2024 ஜனவரி முதல் நாள் புதிய முறை வந்தது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. அனுப்பும் செலவின் மேல் வரி இல்லை. விற்பவரே வாங்கிச் சுங்கத் துறைக்குக் கட்ட வேண்டும். இப்போது நம் கணக்கில் 85 வெள்ளிப் பொருள் 93 வெள்ளி 50 காசு ஆகிறது. இடைவெளி 15லிருந்து ஆறரை வெள்ளியாகச் சுருங்குகிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. ஆஸ்திரேலியா 2018லும், ஐரோப்பிய ஒன்றியம் 2021லும், சிங்கப்பூர் 2023லும் இத்தகைய வரியை விதித்தன.

சரி, இதனால் உள்ளூர்க் கடை பிழைத்துவிடுமா? வரி பாதி வழிதான். ஓராண்டில் 5 இலட்சம் வெள்ளிக்கு மேல் இங்கே விற்பவர் மட்டுமே பதிய வேண்டும். சிறு விற்பனையாளர் தப்பிவிடுகிறார். அதோடு, வாடகை இல்லாத கடையோடு வாடகைக் கடை போட்டியிடுவது என்றும் கடினமே. மறுபக்கம், அந்த எட்டரை வெள்ளியைக் கொடுப்பது யார்? வாங்கும் நாம்தான். நாள் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு அது சிறு தொகையன்று.

ஆகவே நேயர்களே, வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, பொருள் எங்கிருந்து வருகிறது? ஷாப்பி, லசாடாவில் விற்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. உள்நாட்டுச் சரக்குக்கு இந்தப் புதிய வரி கிடையாது. இரண்டாவது, வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த முழு விலை என்ன? மூன்றாவது, பழுதானால் யாரிடம் போவது?

தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்தில், சம்பள நாள் வரை பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தது பக்கத்துக் கடை. இன்றும் முகம் பார்த்துக் கடன் கொடுப்பது அந்தக் கடைதான். அந்த உதவிக்கு விலைச்சீட்டு இல்லை. ஆனாலும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.