மலிவான பழைய மின்கிற்றார்கள்



வீணை வாங்கச் செல்பவர் குடத்தின் அழகைக் கண்டு மயங்கி நின்றுவிடுவதில்லை. தண்டி நேராக உள்ளதா, மெட்டுக்கள் ஒழுங்காக அமைந்துள்ளனவா என்பதையே முதலில் நோக்குவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய அதுவே. வாத்தியம் மட்டுமே வேறு. 1960 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் செய்யப்பட்டு, மலிவுப் பண்டமென எள்ளப்பட்ட விசித்திரமான மின்கிற்றார்களை, அலைச்சறுக்கு இசை வாசிப்பதற்கென்றே இன்று பலர் தேடி வாங்குகின்றனர். அவற்றுள் எதனை வாங்கலாம், எதனைத் தொடாது விடலாம் என்பது பற்றிச் சில சொல்வேன்.

அறுகங்குடாவில் நீண்ட பலகைமீது நின்று அலையிற் சறுக்கி வருவோரை நேயர்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். அவ்விளையாட்டில் மூழ்கிய தென் கலிபோர்ணிய இளைஞரிடையே 1961 ஆம் ஆண்டளவில் எழுந்தது இவ்விசை. பெரும்பாலும் வாய்ப்பாட்டு இராது, கிற்றாரே பாடும். பல்போவா என்னும் கரையோர இடத்தில், ஒரு நடன மண்டபத்திலே டிக் டேல் என்பவர் வாசிக்க, இளைஞர் திரள்திரளாகக் கூடினர். அவர் தந்தை வழியில் லெபனான் மரபினர். கிழக்கு மத்தியதரைக் கடற் பிரதேசத்துப் பழைய மெட்டான ‘மிசர்லூ’வை 1962 இல் அவர் மின்னல் வேகத்தில் மீட்டி இசைத்தட்டாக்கினார். தடித்த தந்தியை இடைவிடாது மேலுங் கீழுமாக மீட்டுதல் இவ்விசையின் ஓர் இலக்கணம். மற்றோர் இலக்கணம் எதிரொலி. லியோ பெண்டரின் நிறுவனம் 1961 இல் வெளியிட்ட எதிரொலிப் பெட்டிக்குள்ளே நீண்ட வில்சுருள்கள் உள்ளன. ஒலியலை அவற்றினூடே ஓடி மீளும்போது, குகைக்குள் நீர் சொட்டுவது போன்ற ஈரமான ஓசை பிறக்கிறது.

மலிவான கிற்றாருக்கு வாய்ப்பளிப்பதும் இந்த ஓசைதான். நெடுநேரம் நின்று ஒலிக்கும் தந்தி இங்கு வேண்டப்படுவதில்லை. சட்டெனப் பிறந்து சட்டென அடங்கும் கூரிய நாதமே போதும்; எஞ்சியதை எதிரொலிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பிற இசைக்குக் குறையெனப்படுவது இவ்விசைக்குக் குணமாகிவிடுகிறது.

பெண்டரின் ஸ்ட்ரற்றோகாஸ்டர் 1954 இல் வெளிவந்தபோது அதன் விலை 249 டொலர் 50 சதம். தொழிலாளியின் மகன் கனவிலன்றி வாங்க முடியாத விலை. அத்தகையோருக்கென நியூ ஜேர்சியில் நேதன் டானியல் என்பவர் டான்எலெக்ட்ரோ கிற்றார்களைச் செய்தார். மரச்சட்டத்தின் இருபுறமும் அழுத்திய மரத்தூள் அட்டையை ஒட்டி உடலாக்கினார். தந்தியதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்களை, உதட்டுச் சாயம் அடைக்கும் உலோகக் குழாய்களுக்குள்ளே வைத்தார்! சியேர்ஸ் நிறுவனம் இவற்றைச் ‘சில்வர்டோன்’ என்னும் பெயரில் விற்றது. ஒரு வகையிலே, கிற்றாரைச் சுமக்கும் பெட்டியே ஒலிபெருக்கியுமாகும். கஞ்சத்தனமான வேலை என்று நகைக்கலாம். ஆனால் அந்த அட்டை உடலின் தெளிந்த நாதம் அலைச்சறுக்கு இசைக்கு எத்துணை பொருந்துகிறதென்பதைக் கேட்டவர் அறிவர்.

யப்பானில், வென்ச்சர்ஸ் குழுவினரின் 1965 ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின்பின் மின்கிற்றார் மோகம் கரைபுரண்டது. டீஸ்கோ போன்ற தொழிற்சாலைகள் உள்நாட்டிற்கும் அமெரிக்காவிற்குமாகக் கிற்றார்களைச் செய்து தள்ளின. நான்கு காந்தச் சுருள்கள், வரிசை வரிசையாக ஆளிகள், சுறாமீன் துடுப்பை ஒத்த கொம்புகள், அடக்கமென்பதே இல்லை. இத்தாலியில் அக்கோர்டியன் செய்து பழகிய கைகள் கிற்றார் செய்யப் புகுந்தபோது, முத்துப்போல் மின்னும் பிளாஸ்டிக் உறையும் அழுத்து பொத்தான்களும் உடன் வந்தன.

இந்த அலங்காரந்தான் வாங்குபவரை ஏமாற்றுவது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துச் செந்நிறக் கிற்றாரொன்றை வாங்கினார். ஆளிகள் அனைத்தும் வேலை செய்தன. கழுத்தோ வில்லாக வளைந்திருந்தது. எந்தச் சுரமும் சுத்தமாகப் பேசவில்லை. இன்றும் அது அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஆகவே கழுத்தை முதலிற் பாருங்கள். துப்பாக்கியாற் குறிபார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்தில் நோக்குங்கள். மலிவான கிற்றார்கள் பலவற்றில் வளைவைத் திருகிச் சரிசெய்யும் கம்பி கிடையாது; வளைந்தால் வளைந்ததுதான். அடுத்துப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். வெறுந்தந்தியின் மேல்ஸ்தாயி சுத்தமாக ஒலிக்கவேண்டும். சிறிது பிசகினால் கவலையில்லை. பலவற்றிற் குதிரையை நகர்த்திச் சரிசெய்யலாம். பிரடை தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஒலியில் ‘கரகர’வென்று இரைச்சல் எழுந்தால், பெரும்பாலும் திருகுகளிற் படிந்த அழுக்கே காரணம். ஆனால் காந்தச் சுருள் ஊமையாக இருந்தால் விலையிற் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் மீண்டுஞ் சுற்றவேண்டியிருக்கலாம்.

கிற்றாரோடு பழைய ஒலிபெருக்கியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் எச்சரிக்கை வேண்டும். அக்காலத்து மலிவான ஒலிபெருக்கிகள் சில, இடையில் மின்மாற்றியின்றி வீட்டு மின்சாரத்தை நேரே பெறுபவை. தந்தியைத் தொட்ட கையிலே மின்சாரம் பாய்ந்து உயிரையும் வாங்கக்கூடும். தேர்ந்த மின்வினைஞர் திறந்து பார்க்குமுன் அதனைச் சுவரிற் செருகவே வேண்டாம்.

பெயரைப் பார்த்துப் பணங் கொடுப்பதும் தவறு. ஒரே யப்பானியத் தொழிற்சாலையின் கிற்றார், இறக்குமதி செய்தவர் விருப்பப்படி வெவ்வேறு பெயர் தாங்கி வந்ததுண்டு. ரை கூடர் என்னும் புகழ்பெற்ற கலைஞர் டீஸ்கோவின் காந்தச் சுருளைத் தம் கிற்றாரிற் பொருத்தியபின், அப்பெயருக்கு விலை ஏறிவிட்டது. பெயர் தெரியாத அதன் உடன்பிறப்புக்கள் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

இன்னொன்று. குதிரையருகே தந்திகளை ஒருசேரத் தளர்த்தி இறுக்கும் கைபிடி ஒன்று இருக்கும். நம் கமகத்தை ஒருவாறு நினைவூட்டும் அசைவை அதுவே தருகிறது. அலைச்சறுக்கு இசைக்கு அஃது இன்றியமையாதது. பழைய கிற்றார்களில் முதலிற் காணாமற் போவதும் அதுதான். விற்பவர் வீட்டு மேசை இழுப்பறையில் அது கிடக்கிறதா என்று, பணத்தைக் கையிற் கொடுக்குமுன் கேளுங்கள்.